மூன்றாம் தொட்டி

ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஆற்றோரமாய்
நாலு கிலோமீட்டர்.
செம்பனைத் தோப்பு முடிகிற இடத்தில்
வெள்ளைப் புகைபோக்கி தெரியும்.
அங்கே எனக்கு ஒரு மேசை,
ஒரு மிதவைமானி, நீலக் கையுறை,
கசப்புக்குப் பொறுப்பு.

ஆமாம், கசப்புக்கு.
சம்பளச் சீட்டில் லேப் உதவியாளர் என்று போட்டிருப்பார்கள்.

கிள்ளான் துறைமுகத்திலிருந்து கரும்புப்பாகு லாரியில் வரும்.
சேற்றில் நிற்கும் நீப்பாக் குலைகளின் சாறு
படகில் வரும்.
மூன்று நாள் தொட்டிக்குள் குமிழி குமிழியாய்ப் பேச்சு.
ஈஸ்ட் தின்னும், பெருகும்,
தான் கக்கியதிலேயே மூச்சடைத்துச் சாகும்.
"நம்ம சூப்பர்வைசர் மாதிரி" என்பாள் ஹஃபீஸா.

கொதித்து ஏறிக் குளிர்ந்து இறங்கி
வெளியே வரும்போது எல்லாம் ஒன்றுதான்.
நிறமில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.
அதற்கப்புறம்தான் சாதி பிரிகிறது.

முதல் தொட்டி
வார்னிஷுக்கு, அச்சகத்து மைக்கு,
கோலாலம்பூர்ப் பெண்களின் கழுத்தோரத்துக்கு.
இரண்டாவது ஈப்போவில் நிறம் பூசிக்கொண்டு
பிராண்டி என்று பெயர் மாற்றிக்கொள்ளும்;
அதற்கு மட்டும் கஸ்தம் ஆபீசர் வந்து
ஈயமுத்திரை வைத்து
பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார்.
மூன்றாவது, பெட்ரோலோடு கலந்து எங்கேயோ எரிய.

வரி கட்டியதைக் குடிக்கலாம்.
கட்டாததைக்
குடிக்க முடியாதபடி செய்ய வேண்டும்.
அதற்குத்தான் நான்.

வெள்ளைத் தூள்.
ஆயிரம் லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி.
கையுறை போட்டாலும் எப்படியோ ஏறிவிடும்,
சோப்புக்கும் எலுமிச்சைக்கும் மசியாது.
வீட்டில் ஒரே சட்டி ரசம்,
என் பங்கு மட்டும் கசக்கும்.
விரல் சூப்பிக்கொண்டிருந்த என் மகன்
என் கையைப் பிடித்துப் பாலர்பள்ளிக்கு நடந்ததில்
ஒரே வாரத்தில் விட்டுவிட்டான்.
டாக்டர் கேட்டார், என்ன மருந்து போட்டீர்கள் என்று.

போன ஆடியில் தூள் தீர்ந்துபோனது.
கப்பல் தாமதம் என்றார்கள்.
மூன்றாம் தொட்டியில் நாற்பதாயிரம் லிட்டர்,
கசப்பில்லாமல், வரியில்லாமல்,
குழந்தை மாதிரி.

பம்பு ரூம் ஜீவரத்தினம்
ஐந்து லிட்டர் கேன் இரண்டோடு வந்தான்.
எண்ணெய் லேபிளைச் சுரண்டிக் கழுவியிருந்தான்.
"ரெண்டே ரெண்டு கேன்லா, அக்கா.
ஞாயிற்றுக்கிழமை முனியாண்டிக்குப் பூசை.
சாமிக்கும் ஒரு கிளாஸ் ஊத்துவோம்ல."

முடியாது என்றேன்.
அவன் போகவில்லை.
கேன் மூடியைத் திருகித் திறந்தான், மூடினான், திறந்தான்.
"என் மச்சான் குடிச்சானே, கடையில வாங்கின சம்சு.
மூணாம் நாள் கண்ணு போச்சு. அஞ்சாம் நாள் ஆளு.
அதைவிட இது சுத்தம்தானே?
நீங்கதான அளக்கிறீங்க. சொல்லுங்க."

நான்தான் அளக்கிறேன்.
அவன் மச்சான் குடித்ததைவிட,
ஈப்போ பிராண்டியைவிட,
ஒருவேளை நாங்கள் குடிக்கும் ஆற்றுத் தண்ணீரைவிட
சுத்தம்.
பொய் சொல்ல வாய் வரவில்லை.

வால்வைத் திறந்தேன்.
ஒரு கேன் நிறைந்தது.
கையுறையைக் கழற்றி
அதில் ஒரு குவளை ஊற்றி,
பதினோரு வருஷக் கையை
மணிக்கட்டு வரை முக்கி எடுத்து
மறுபடி கேனுக்குள் கவிழ்த்தேன்.
விரலிடுக்கில் குளிர்ந்தது. காய்ந்துவிட்டது.

"எடுத்துட்டுப் போ."

மூடியில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தான்.
துப்பினான். சுவரோரம் போய் மறுபடி துப்பினான்.
குழாயைத் திறந்து வாய் கொப்பளித்தபடி
என்னை ஒரு பார்வை.
கோபமா என்று தெரியவில்லை,
கண்ணில் தண்ணீர்,
அது குழாய்த் தண்ணீராகவும் இருக்கலாம்.

கேனை அவனே தொட்டிக்குத் திருப்பி ஊற்றினான்.
வெள்ளிக்கிழமை தூள் வந்தது.
சனிக்கிழமை கோக் வாவின் டாங்கர்
எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது.

ஞாயிற்றுக்கிழமை முனியாண்டி முன்னால்
ரசீதோடு வாங்கிய பீர், இரண்டு சுருட்டு.
ஜீவரத்தினம் வாழையிலை நறுக்கில்
சர்க்கரைப் பொங்கல் வைத்து நீட்டினான்.
பிரசாதத்தை இடக்கையில் வாங்கக் கூடாது.
வலக்கையில் வாங்கி
விரலால் அள்ளித் தின்றேன்.

"இனிப்புப் போதுமா, அக்கா?"

போதும் என்றேன்.